ஒத்தக்கடை வரை போனாலும் நிற்கும் ஒழுங்கு நடவடிக்கை: புதிய தலைமையாசிரியருக்கும் விசாரணை அலுவலருக்கும்

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று திறக்கப்பட்டது. மாட்டுத்தாவணியைத் தாண்டி மேலூர் சாலையில், யானைமலை அடிவாரத்து ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் தொடங்கிக் கன்னியாகுமரி வரை எந்தப் பள்ளியில் ஓர் ஆசிரியர் தண்டிக்கப்பட்டாலும் அந்தக் கோப்பு கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான். இங்கே ரத்தாகும் ஆணைகளில் பலவற்றில் ஆசிரியர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொல்வதில்லை. அதிகாரம் இல்லாதவர் குற்றச்சாட்டு மெமோ கொடுத்தார், சாட்சியைக் கூப்பிடவில்லை, விசாரணை அறிக்கையின் நகலைத் தரவில்லை என்பவைதான் காரணங்களாக இருக்கும். அடிபட்ட பிள்ளைக்கும் நியாயம் கிடைப்பதில்லை, பொய்ப் புகாரில் சிக்கிய ஆசிரியருக்கும் பெயர் தெளிவதில்லை. ஆகவே முதல் காகிதத்தை எழுதும்போதே அந்தக் கட்டடத்தை மனத்தில் வைத்து எழுத வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு தெளிவு. அமெரிக்க மாநிலங்களில் ஆசிரியருக்கு உரிமம் உண்டு. தொழிலுக்குப் பொருந்தாத நடத்தைக்கு அந்த உரிமத்தையே நிறுத்தி வைப்பார்கள், நீதிமன்றம் அதை ஆராயும். 1969-இல் மாரிசன் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், நடத்தை பிடிக்கவில்லை என்பது போதாது, கற்பிக்கத் தகுதியற்றவர் என்று அது காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. நம் ஊரில் உரிமம் என்று தனியாக ஒன்று இல்லை. இங்கே நடவடிக்கை பணியின் மீதுதான்: பணியிடை நீக்கம், ஊதிய உயர்வு நிறுத்தம், பணிநீக்கம். உரிமப் பறிப்புக்கு நெருங்கி வருவது ஒன்றே: மாணவர்களிடம் பாலியல் குற்றம் செய்யும் ஆசிரியரின் கல்விச் சான்றிதழ்களையே ரத்து செய்ய வழி சொல்லும் பள்ளிக் கல்வித் துறையின் 2012-ஆம் ஆண்டு அரசாணை எண் 121. ஆனாலும் மாரிசன் வழக்கின் கேள்வி இங்கும் பயன்படும். குற்றச்சாட்டு எழுதும்போது, இந்தச் செயல் வகுப்பறையையோ பிள்ளையையோ பள்ளியின் பணியையோ எப்படிப் பாதித்தது என்று ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால், அந்தக் குற்றச்சாட்டைச் சேர்க்கலாமா என்று இன்னொரு முறை யோசியுங்கள்.

படி 1: யாருடைய பள்ளி, எந்த விதி

அரசுப் பள்ளி ஆசிரியருக்குத் தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள் பொருந்தும். எது தவறு என்று சொல்வது 1973-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள். தவறினால் என்ன செய்வது என்று சொல்வது ஒழுங்கு விதிகள். இரண்டையும் மெமோவில் குழப்பிவிடுகிறார்கள். ‘நடத்தை விதி 20-ஐ மீறியதால், ஒழுங்கு விதி 17-இன் கீழ்’ என்று இரண்டையும் அதனதன் இடத்தில் வையுங்கள்.

மதுரை வட்டாரத்தில் ஒரே தெருவில் பல நிர்வாகங்களின் பள்ளிகள் இருக்கும். மாநகராட்சிப் பள்ளிக்கு நிர்வாகத் தலைமை ஆணையர். உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளுக்கு மதுரையில் இருக்கும் இணை இயக்குநர் அலுவலகம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு அவர்களுடைய துறை. மற்ற அரசுப் பள்ளிகளுக்கு வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்ற வரிசை. தண்டனை தரும் அதிகாரம் யாருக்கு என்பதை நினைவிலிருந்து சொல்லாதீர்கள். ஆசிரியரின் நியமன ஆணையையும், அதிகாரப் பகிர்வு குறித்து அன்று நடப்பில் உள்ள அரசாணையையும் எடுத்துப் பாருங்கள். துறைச் சீரமைப்பில் இந்தப் பட்டியல் மாறியிருக்கிறது, பழைய மெமோவைப் பார்த்து எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். நியமித்தவருக்குக் கீழ்ப்பட்ட ஒருவர் அரசு ஆசிரியரைப் பணியறவு (பணியிலிருந்து அறவே விலக்குதல்) செய்யக் கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 311(1)-ஆம் கூறு. பெரிய தண்டனைக்கான மெமோவில் குற்றச்சாட்டுகளுக்கு உரிய ஒழுங்கு அதிகாரியின் ஒப்புதலே இருக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2013-இல் கோபிநாத் வழக்கிலும், 2018-இல் தமிழ்நாட்டிலிருந்து போன பிரமோத் குமார் வழக்கிலும் சொல்லிவிட்டது.

உதவி பெறும் பள்ளிகள் வேறு. அங்கே முதலாளி பள்ளிக் குழு, கண்காணிப்பு அரசு. 1973-ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் 22-ஆவது பிரிவு, உரிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் ஆசிரியரைப் பணிநீக்கம், பணியறவு, பதவியிறக்கம் செய்யத் தடை போட்டது. பணியிடை நீக்கத்துக்கும் இரண்டு மாத வரம்பு வைத்தது. இப்போது 2018-ஆம் ஆண்டுச் சட்டமும் 2023-இல் வந்த விதிகளும் அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன. செயலர்கள் இன்னும் பழைய பிரிவு எண்ணைப் போட்டு ஆணை எழுதுவதை நிறுத்த வேண்டும். சுயநிதிப் பள்ளி ஆசிரியர் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட முடியுமா என்பதும் சிக்கலான கேள்வி. சட்டத்தின் பாதுகாப்பு இல்லாத வெறும் ஒப்பந்தப் பணிப் பிரச்சினைக்கு ரிட் கிடையாது என்று 2022-இல் செயின்ட் மேரிஸ் வழக்கில் தீர்ப்பானது.

படி 2: புகார் வந்த அன்றே செய்ய வேண்டியவை

பாலியல் புகார் என்றால் துறை விசாரணைக்கு முன் காவல் துறை. போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு தகவல் சொல்வதைக் கட்டாயமாக்குகிறது. சொல்லாமல் மறைத்த நிறுவனத் தலைவருக்கு 21-ஆவது பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறை உண்டு. ‘பெற்றோரே சமாதானமாகப் போய்விட்டார்கள்’, ‘பள்ளிப் பெயர் கெடும்’ என்பவையெல்லாம் தலைமையாசிரியரைக் காப்பாற்றாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் சொல்லலாம். பிள்ளையை நீங்களே உட்காரவைத்துத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்காதீர்கள். ஒவ்வொரு முறையும் வார்த்தை கொஞ்சம் மாறும், பிறகு குறுக்கு விசாரணையில் அந்த மாற்றத்தைத்தான் பிடிப்பார்கள். சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே ஒரு முறை எழுதி, தேதி நேரம் போட்டு, உறையில் வையுங்கள். பிள்ளையின் பெயரை அலுவலகப் பேச்சில்கூட வெளியே விடாதீர்கள். சக ஆசிரியை கொடுக்கும் பாலியல் துன்புறுத்தல் புகார் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழுவுக்குப் போக வேண்டும்.

அடித்தது, அவமானப்படுத்தியது என்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. நேரம் தவறுதல், பாடத்தை முடிக்காதது என்றால் 24-ஆவது பிரிவு. தனிப் பயிற்சி நடத்தினால் 28. இதில் 24-ஆவது பிரிவை முழுதாகப் படியுங்கள். தவறும் ஆசிரியர் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லும் அதே இடத்தில், அதற்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்றும் இருக்கிறது.

சான்றுகளை அன்றே கட்டுங்கள். வருகைப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்துச் சான்றொப்பமிட்டு வையுங்கள். துறையின் எமிஸ் (கல்வித் தகவல் மேலாண்மை) செயலியில் உள்ள வருகையும் பதிவேட்டுக் கையெழுத்தும் ஒத்துப்போகிறதா பாருங்கள், ஒத்துப்போகவில்லை என்றால் அந்த முரண்பாட்டையும் எழுதி வையுங்கள். கண்காணிப்புக் கேமராவின் பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், உடனே நகலெடுங்கள். வாட்ஸ்அப் செய்தி என்றால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. எந்தக் கைப்பேசி, யார் எடுத்தது, எப்போது என்று எடுத்தவரிடம் எழுதி வாங்குங்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல் வேண்டும்.

படி 3: பணியிடை நீக்கம் தேவையா

இங்கே எழுத்தில் ஒரு பொறி இருக்கிறது. தமிழ் ஆணைகளில் விதி 17-இன் உட்பிரிவுகள் 17(அ), 17(ஆ), 17(இ), 17(ஈ), 17(உ) என்று போகும். பேச்சில் எல்லோரும் ஆங்கில எழுத்தைச் சொல்வதால் ‘பதினேழு-ஏ, பதினேழு-பி, பதினேழு-இ’ என்பார்கள். பேச்சில் ‘பதினேழு-இ’ என்றால் பணியிடை நீக்கம், காகிதத்தில் அது 17(உ). காகிதத்தில் 17(இ) என்றால் குற்றவியல் தண்டனை பெற்றவருக்கும், விசாரணை நடத்த இயலாத அபூர்வ நிலைக்கும் உரியது. புதிய எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினால் ஆணையே தவறாகப் போய்விடும்.

பணியிடை நீக்கம் தண்டனை அல்ல. சாட்சிகளைக் கலைப்பார், பிள்ளைகள் பயப்படுவார்கள், பதிவேட்டைத் திருத்துவார் என்ற நிலை இருந்தால்தான் அது வேண்டும். தாமதமாக வந்தவரை வீட்டுக்கு அனுப்பிப் பாதிச் சம்பளம் கொடுப்பதால் வகுப்பு காலியாவதுதான் மிச்சம், அங்கே இடமாற்றமே போதும். காவலில் 48 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் பணியிடை நீக்கம் ஆனதாகவே விதி கொள்கிறது. அதற்கான ஆணையையும் எழுதிக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

ஆணை எழுதியதும் மூன்று தேதிகளை நாட்காட்டியில் குறியுங்கள். முதலாவது, பிழைப்பூதியம் (பணியிடை நீக்கக் காலத்தில் தரும் குறைந்த சம்பளம்) தொடங்கும் தேதி. வேறு வேலையில் இல்லை என்ற சான்றை ஆசிரியர் மாதாமாதம் தர வேண்டும், அலுவலகம் மாதாமாதம் கொடுக்க வேண்டும். இதைத் தராமல் விசாரணையை முடித்தால் முழு விசாரணையும் கெடக்கூடும். கையில் காசில்லாமல் விசாரணைக்கு வரமுடியாத ஊழியருக்கு எதிராக ஒருதலையாக முடித்த விசாரணையை 1999-இல் பால் ஆண்டனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இரண்டாவது தேதி மூன்று மாதம். 2015-இல் அஜய் குமார் சௌத்ரி வழக்கு, மூன்று மாதத்துக்குள் குற்றக்குறிப்பாணை (குற்றச்சாட்டு மெமோ) கொடுக்காவிட்டால் பணியிடை நீக்கத்தை நீட்டக் கூடாது என்றது. ஆனால் மூன்று மாதம் முடிந்ததும் அது தானாகவே ரத்தாகிவிடாது, வழக்கின் தன்மையைப் பார்க்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-இல் விளக்கியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வழி தெளிவு: மூன்று மாதத்துக்குள் குற்றக்குறிப்பாணையைக் கொடுங்கள், முடியாவிட்டால் ஏன் நீட்டிக்கிறோம் என்று காரணம் எழுதி மறுஆய்வு செய்யுங்கள். மூன்றாவது தேதி, அந்த மறுஆய்வுக்கு.

படி 4: சிறிய தண்டனையா, பெரிய தண்டனையா

17(அ) சிறிய தண்டனைக்கு: கண்டனம், தொடர் விளைவு இல்லாத ஊதிய உயர்வு நிறுத்தம் போன்றவை. விளக்கம் கேட்டு, அதைப் பரிசீலித்து, காரணத்தோடு ஆணை போட்டால் போதும். 17(ஆ) பெரிய தண்டனைக்கு: பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம், பணியறவு. இதற்கு முழு விசாரணை வேண்டும். 17(அ)-வில் தொடங்கிவிட்டுப் பாதியில் கோபம் வந்து பெரிய தண்டனை கொடுக்க முடியாது. அப்படிச் செய்ய நினைத்தால் முதல் மெமோவைக் காரணம் சொல்லி விலக்கிக்கொண்டு 17(ஆ)-வில் புதிதாகத் தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அற்ப விஷயத்துக்கெல்லாம் 17(ஆ) கொடுக்கும் பழக்கம் சில அலுவலகங்களில் இருக்கிறது. பதவி உயர்வுப் பட்டியல் வரும் சமயத்தில் நிலுவையில் 17(ஆ) இருந்தால் ஆசிரியரின் பெயர் தள்ளிப்போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகவே கொடுக்கப்படும் மெமோ அநியாயம். தேதியை ஒப்பிட்டுப் பார்க்கும் எந்த நீதிபதிக்கும் அது புலப்பட்டுவிடும்.

படி 5: குற்றக்குறிப்பாணை எழுதுதல்

வழக்கு நிற்பதும் விழுவதும் இந்த நான்கு இணைப்புகளில்தான். இணைப்பு ஒன்று குற்றச்சாட்டுகள், இரண்டு அவற்றின் விவரம், மூன்று ஆவணப் பட்டியல், நான்கு சாட்சிப் பட்டியல்.

‘ஆசிரியர் பள்ளிக்கு ஒழுங்காக வருவதில்லை, மாணவர்களிடம் ஒழுங்கீனமாக நடந்துகொள்கிறார்’ என்று ஒரு வரி எழுதினால் அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல முடியாத குற்றச்சாட்டு தெளிவற்றது என்று ரத்தாகும். இப்படி எழுதுங்கள்: ‘இத்தனாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடவேளையில், 7-ஆம் வகுப்பு அ பிரிவில், வீட்டுப்பாடம் எழுதாததற்காக ஒரு மாணவரின் இடது முன்கையில் மரத்தாலான அளவுகோலால் அடித்து வீக்கம் ஏற்படுத்தினார். இது கல்வி உரிமைச் சட்டப் பிரிவு 17-க்கும் நடத்தை விதி 20-க்கும் முரணானது.’ நாள், வேளை, இடம், செயல், விளைவு, மீறிய விதி ஆகிய ஆறும் ஒவ்வொரு குற்றச்சாட்டிலும் இருக்க வேண்டும். ஒரு குற்றச்சாட்டில் ஒரே செயல். அடித்ததையும் தாமதமாக வந்ததையும் ஒரே பத்தியில் சேர்த்தால், ஒன்று நிரூபணமாகாதபோது மற்றதும் சேர்ந்து ஆட்டம் காணும்.

‘இவ்வாறு கடும் குற்றம் புரிந்த தாங்கள்’ என்று எழுதாதீர்கள். விசாரணைக்கு முன்பே முடிவெடுத்துவிட்டதாக அது காட்டும். ‘புரிந்ததாகக் குற்றம் சாட்டப்படுகிறது’ என்பதே சரி. உத்தேசத் தண்டனையையும் இதில் குறிக்காதீர்கள். முன்பு வாங்கிய தண்டனைகளைக் கணக்கில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் அதைத் தனிக் குற்றச்சாட்டாகவோ தெளிவான குறிப்பாகவோ சொல்லிவிடுங்கள். இறுதி ஆணையில் திடீரென்று ‘ஏற்கெனவே இருமுறை தண்டிக்கப்பட்டவர்’ என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்ல அவருக்கு வாய்ப்பே தரவில்லை என்றாகும்.

பழைய விவகாரத்தைத் தோண்டி எடுக்காதீர்கள். வீட்டுவசதி வாரியத்தின் மகாதேவன் வழக்கில், பத்தாண்டு கழித்துக் கொடுத்த குற்றக்குறிப்பாணையை, தாமதத்துக்குக் காரணம் சொல்லாததால் 2005-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தாமதம் உண்மையிலேயே தவிர்க்க முடியாததாக இருந்தால், காரணத்தைக் கோப்பில் தேதிவாரியாக எழுதி வையுங்கள்.

படி 6: சார்வு செய்தலும் விளக்கமும்

நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் இரண்டு சாட்சிகளோடு அதைப் பதிவு செய்து, பணிப்பதிவேட்டில் உள்ள முகவரிக்குப் பதிவஞ்சலில் அனுப்புங்கள். அதுவும் திரும்பினால் வீட்டுக் கதவில் ஒட்டி, கிராம நிர்வாக அலுவலர் போன்றவரைச் சாட்சியாக வைத்துப் படமெடுங்கள். திரும்பிய உறையைப் பிரிக்காமல் கோப்பில் வையுங்கள், அஞ்சல்காரரின் குறிப்பே சான்று.

விளக்கத்துக்கு வழக்கமாக 15 நாள் தருவார்கள். பட்டியலில் உள்ள ஆவணங்களின் நகலைக் கேட்டால் கொடுங்கள். கொடுத்த பிறகே நாள் கணக்கு ஓடட்டும். வாய்மொழி விசாரணை வேண்டுமா, நேரில் கேட்டால் போதுமா என்று மெமோவிலேயே கேட்டிருக்க வேண்டும்.

ஆசிரியருக்கு: மெமோ வந்த கோபத்தில் நான்கு பக்கத்துக்கு மேலதிகாரியைத் திட்டி எழுதாதீர்கள். குற்றச்சாட்டு எண் வாரியாக ‘மறுக்கிறேன்’ அல்லது ‘ஏற்கிறேன்’ என்று சொல்லி, காரணம், ஆவணம், உங்கள் சாட்சி என்று எழுதுங்கள். ஆவணம் தராவிட்டால் அதைக் கேட்ட கடிதத்தின் ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். பிற்பாடு நீதிமன்றத்தில் அந்த ஒரு சீட்டு பெரிய துணையாக இருக்கும். வராமல் இருந்து தப்பிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், ஒருதலையாக முடித்துவிடுவார்கள்.

படி 7: விசாரணை

விசாரணை அலுவலர் நடுவர், வழக்காடுபவர் அல்ல. முதனிலை விசாரணை செய்தவரையோ, சாட்சிப் பட்டியலில் உள்ளவரையோ, புகார் கொடுத்தவரையோ நியமிக்கக் கூடாது. துறைத் தரப்பை எடுத்துவைக்க வேறொருவரை நியமியுங்கள். இல்லாவிட்டால் விசாரணை அலுவலரே கேள்வி கேட்டு, அவரே பதிலை மடக்கி, அவரே தீர்ப்பும் சொல்கிறார் என்றாகிவிடும். 2010-இல் சரோஜ் குமார் சின்ஹா வழக்கில், விசாரணை அலுவலர் துறையின் பிரதிநிதி போல நடந்துகொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது.

முதல் நாளில் குற்றச்சாட்டைப் படித்துக்காட்டி ஏற்கிறாரா மறுக்கிறாரா என்று எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். அடுத்த அமர்வுகளில் முதலில் துறைச் சாட்சிகள், பிறகு ஆசிரியரின் சாட்சிகள். முந்தைய வாக்குமூலத்தை அப்படியே அறிக்கையில் ஒட்டுவதுதான் நம் பக்கத்தில் மிக அதிகமாக நடக்கும் தவறு. முதனிலை விசாரணையில் எழுதி வாங்கியது வெறும் காகிதம். அதை எழுதியவர் வந்து ‘நான் சொன்னதுதான்’ என்று உறுதிசெய்து, குறுக்கு விசாரணைக்கு உட்பட்ட பின்புதான் சான்று. காவல் துறையின் முதல் தகவல் அறிக்கையும் அப்படியே. ரூப் சிங் நேகி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் சொன்னது இதைத்தான்.

பிள்ளைகள் சாட்சியானால் பள்ளி நேரத்தில், ஆசிரியர் அறையில், மற்ற ஆசிரியர்கள் எட்டிப் பார்க்க விசாரிக்காதீர்கள். பெற்றோர் உடனிருக்க, தனி அறையில், பெண் அலுவலர் ஒருவரை வைத்து நடத்துங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் நேராக முன்னால் உட்காரத் தேவையில்லை. கேள்விகளை எழுதிக் கொடுக்கச் சொல்லி, விசாரணை அலுவலர் வழியாகக் கேட்கலாம். மாணவியிடம் தவறாக நடந்த ஆசிரியர் விஷயத்தில் முறையான விசாரணையைத் தவிர்த்ததையே 1996-இல் அவினாஷ் நாக்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அது நவோதயா பள்ளியின் தனி விதிப்படி நடந்தது, முதற்கட்ட விசாரணையில் திடமான சான்றும் இருந்தது. ‘பாலியல் வழக்கு, விசாரணை வேண்டாம்’ என்று எல்லா இடத்திலும் அதை எடுத்துக் காட்ட முடியாது.

ஒவ்வொரு நாளும் நடவடிக்கைக் குறிப்பு எழுதி, ஆசிரியருக்கு நகல் கொடுங்கள். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும், அதிகபட்சம் ஓராண்டு என்று 2015-இல் பிரேம் நாத் பாலி வழக்கு சொல்கிறது.

குற்றவியல் வழக்கு தனியாக நடந்தாலும் துறை விசாரணையை நடத்தலாம். அங்கே ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், இங்கே எது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அளவுகோல். ஆகவே ‘சாட்சிகள் பிறழ்ந்ததால் விடுதலை’ என்ற தீர்ப்பு துறைத் தண்டனையைத் தானாக அழிக்காது. தமிழ்நாட்டுக் காவலர் சமுத்திரம் வழக்கில் 2012-இல் இது தெளிவானது. இரண்டிலும் அதே சாட்சி, அதே உண்மைகள், சிக்கலான சட்டக் கேள்வி என்றால் மட்டும் துறை விசாரணையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைப்பது பற்றி யோசிக்கலாம்.

படி 8: அறிக்கையிலிருந்து இறுதி ஆணை வரை

அறிக்கை வந்ததும் நகலை ஆசிரியருக்குக் கொடுத்துக் கூடுதல் விளக்கம் கேளுங்கள். 1993-இல் கருணாகர் வழக்கின் ஐந்து நீதிபதி அமர்வு விதித்தது இது. இதைத் தவிர்க்க எந்தக் காரணமும் கிடையாது. விசாரணை அலுவலர் ‘நிரூபணமாகவில்லை’ என்று சொல்லி, உங்களுக்கு அது ஒப்பவில்லை என்றால், ஏன் ஒப்பவில்லை என்று எழுதி அதையும் அவருக்கு அனுப்பிப் பதில் பெற வேண்டும். நேராகத் தண்டித்தால் நிற்காது.

இறுதி ஆணையில் ‘அவரது விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை’ என்று ஒரு வரி எழுதி முடிக்காதீர்கள். அவர் சொன்ன ஒவ்வொரு வாதத்துக்கும் ஒரு பதில் எழுதுங்கள். பிற்பாடு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் எதிர் உறுதிமொழி ஆவணத்தில் புதிய காரணம் சேர்த்து ஆணைக்கு முட்டுக்கொடுக்க முடியாது, ஆணையில் இருப்பதுதான் கணக்கு. தண்டனை தவறுக்கு ஏற்ற அளவில் இருக்கட்டும். ஒரே சம்பவத்தில் இருவர் என்றால், ஒருவருக்குக் கண்டனமும் இன்னொருவருக்குப் பணிநீக்கமும் ஏன் என்று ஆணையே சொல்ல வேண்டும். பணியிடை நீக்கக் காலத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதையும் மறக்காமல் முடிவு செய்யுங்கள்.

படி 9: மேல்முறையீடு

இறுதி ஆணையின் கடைசிப் பத்தியில் யாரிடம், எத்தனை நாளுக்குள் என்று இருக்கும். அந்த நாளைத் தவறவிடாதீர்கள். மேல்முறையீட்டைப் போடாமல் ஒத்தக்கடைக்குப் போனால் ‘அங்கே போய்விட்டு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்புவதுதான் பொது வழக்கம். விதிவிலக்கு: அதிகாரமே இல்லாதவர் போட்ட ஆணை, கேட்காமலே போட்ட ஆணை. மேல்முறையீட்டு அதிகாரியும் காரணம் எழுத வேண்டும். ‘பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது’ என்ற ஒற்றை வரி அங்கேயும் செல்லாது.

படி 10: உயர் நீதிமன்றம்

மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் மூடப்பட்டபின், அரசு ஆசிரியரின் பணி வழக்குகள் அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆம் கூறின் கீழ் ரிட் மனுவாக நேராக உயர் நீதிமன்றத்துக்கு வருகின்றன. சென்னையில் இருக்கும் இயக்குநர் போட்ட ஆணையாக இருந்தாலும் தென்மாவட்டத்தில் பணியாற்றியவருக்கு அதன் விளைவு இங்கே ஏற்பட்டதால் மதுரைக் கிளையில் தாக்கல் செய்யலாம். மனுவோடு உறுதிமொழி ஆவணம், இடைக்கால மனு, தேதிவாரியாக அடுக்கிய ஆவணத் தொகுப்பு, வக்காலத்து வேண்டும். தமிழ் ஆவணங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்க்க வேண்டும். மொழிபெயர்ப்பை நீங்களே வரிவரியாகச் சரிபாருங்கள், ‘பணியிடை நீக்கம்’ ‘பணிநீக்கம்’ ஆகிவிட்டால் வழக்கே வேறாகிவிடும்.

எந்தக் கட்டத்தில் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து எதிர்பார்ப்பை வையுங்கள். குற்றக்குறிப்பாணையை மட்டும் எதிர்த்தால் பெரும்பாலும் நடக்காது. அது இன்னும் யாரையும் தண்டிக்கவில்லை என்று 2006-இல் குனிசெட்டி வழக்கு சொன்னது. ‘விசாரணையை இத்தனை வாரத்துக்குள் முடியுங்கள்’ என்ற உத்தரவே அங்கே கிடைக்கக்கூடியது. பணியிடை நீக்கத்தை எதிர்த்தால் நீண்ட நாள் கிடப்பில் போட்டது, மறுஆய்வு செய்யாதது ஆகியவை கைகொடுக்கும். இறுதித் தண்டனையை எதிர்த்தால் நீதிபதி பார்ப்பவை: அதிகாரம் இருந்ததா, வாய்ப்பு தரப்பட்டதா, ஏதாவது சான்று இருந்ததா, காரணம் சொல்லப்பட்டதா, தண்டனை மனச்சாட்சியை உலுக்கும் அளவுக்கு மிகையா. சாட்சிகளில் யாரை நம்புவது என்று மறுபடி எடைபோட அவர் உட்காரவில்லை. 1995-இல் சதுர்வேதி வழக்கு வரைந்த எல்லை இன்றும் அதுவே.

அலுவலகத்துக்கு நோட்டீஸ் வந்தால், முதல் வாரத்திலேயே மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் குறிப்புரை எழுதி, அசல் கோப்பின் பக்க எண்ணோடு அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ‘கோப்பு தேடப்படுகிறது’ என்று மூன்று வாய்தா வாங்கினால் இடைக்காலத் தடை நிலைத்துவிடும். பொறுப்பான எழுத்தர் ஒருவர் நேரில் போய் வழக்கறிஞருக்குக் கோப்பை விளக்குவது நூறு கடிதத்துக்குச் சமம்.

ஆணை ரத்தானாலும் அதோடு முடிந்ததாக நினைக்காதீர்கள். நடைமுறைக் குறையால் ரத்தானால், குறை எங்கே ஏற்பட்டதோ அங்கிருந்து மீண்டும் நடத்த நீதிமன்றம் அனுமதிக்கும். கருணாகர் வழக்கே அந்த வழியைக் காட்டுகிறது. தவறாக வெளியேற்றப்பட்ட ஆசிரியருக்கோ பணியோடு பின்சம்பளமும் பொதுவாகக் கிடைக்க வேண்டியது என்பது, மகாராஷ்டிரப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இடைக்காலத்தில் வேறு வேலையில் இல்லை என்று ஆசிரியர் முதலில் சொல்லியிருக்க வேண்டும், அதை உங்கள் மனுவிலேயே எழுதுங்கள்.

தனி நீதிபதியின் தீர்ப்பு ஒப்பவில்லை என்றால் இரு நீதிபதி அமர்வுக்கு ரிட் மேல்முறையீடு, 30 நாள். தீர்ப்பை அலுவலகம் நிறைவேற்றாவிட்டால் அவமதிப்பு மனுவுக்கு ஓராண்டு வரம்பு. தீர்ப்பு நகல் கையில் வந்த அன்றே அதை இணைத்து மனு கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள், அந்த ஓராண்டுக் கணக்கு உங்களுக்காகக் காத்திருக்காது.